என் பெயரில் இன்னொருவர் உலவுகிறார்: கணக்கை அழித்துவிடலாமா?

வாசகர் கேள்வி: இணையவழியாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கொஞ்ச காலமாக என் பெயர், என் படம், என் அறிமுகக் குறிப்பு மூன்றையும் அப்படியே எடுத்துப் போட்டு இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு நடக்கிறது. என் வாடிக்கையாளர்கள் இருவரிடம் முன்பணம் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் கொடுத்தும்விட்டார். புகார் செய்தேன். 'விதிமீறல் எதுவும் இல்லை' என்று பதில் வந்தது. இதற்கு நடுவே, முன்பு ஒரு கருத்தரங்க மேடையில் எடுத்த என் படம், நான் சொல்லவே சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் குறிப்போடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. நான்தான் நான் என்று எப்படித்தான் நிரூபிப்பது? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அழிக்காதீர்கள். ஒதுங்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் நீங்கள் காலி செய்கிற இடத்தில் போலி வந்து உட்காரும். இன்ஸ்டாகிராமில் நிரந்தரமாக நீக்கக் கொடுத்தால் 30 நாள் அவகாசம் உண்டு. அது முடிந்துவிட்டால் உங்கள் பயனர்பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ள வழி திறந்துவிடும். இன்றைக்கு ஒரு புள்ளியோ கீழ்க்கோடோ சேர்த்த பெயரை வைத்துக்கொண்டிருக்கிறவருக்கு நாளைக்கு அசல் பெயரே கிடைக்கும். கூடவே உங்களிடம் உள்ள வலுவான சான்றும் போய்விடும்: தேதியோடு வரிசையாக நிற்கும் பழைய பதிவுகள், அவற்றின் கீழே உண்மையான ஆட்கள் எழுதிய பின்னூட்டங்கள். உங்கள் முகத்தை நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். உங்கள் ஐந்தாண்டுப் பழக்கத்தை நகலெடுக்க ஐந்தாண்டு ஆகும்.

பணம் கொடுத்த வாடிக்கையாளரை முதலில் கவனியுங்கள். அவர் இன்றே, இந்த நிமிடமே, தன் வங்கியையோ பணம் அனுப்பிய செயலியையோ அழைத்து, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லி, மோசடி என்று பதிவு செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிட்டால் பிடிப்பது கடினம்; இதில் நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான். காவல் புகாரும் அவர் பெயரில் போவதே சரி, ஏமாந்தது அவர் பணம். நீங்கள் சாட்சி, உங்கள் பெயரைத் தவறாகப் பயன்படுத்தியதற்குத் தனியாக ஒரு புகார் கொடுங்கள். அந்தப் போலிக் கணக்கில் உள்ள பெயரையும் படத்தையும் வைத்து அதை நடத்துவது யார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை யாரோ ஒருவர் அடையாளச் சான்று காட்டித் திறந்திருப்பார். அவர் வாடகைக்குக் கணக்குக் கொடுத்தவராகவே இருந்தாலும், நூலின் ஒரு முனை அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, மறுபடி புகார் செய்வதற்கு முன்னால் சான்றுகளைச் சேகரியுங்கள். வரிசை மாறினால் வேலை கெடும்: புகார் போனதும் சிலர் பயனர்பெயரை மாற்றிவிடுவார்கள், சிலர் உங்களை பிளாக் செய்துவிடுவார்கள், பிறகு உங்களால் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே முடியாது. இதே காரணத்துக்காகப் போலிக்கு நேரடியாகச் செய்தி அனுப்பித் திட்டவும் வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது வெட்டாமல் எடுங்கள். கணினி பிரவுசரில், முகவரிப் பட்டையும் தேதியும் நேரமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அதோடு கணக்கின் முகப்பிலிருந்து கடைசிப் பதிவு வரை உருட்டிக்காட்டும் திரைப்பதிவு ஒன்றும் எடுத்துவையுங்கள். தனித்தனி ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகச் செய்வது எவ்வளவு எளிது என்பது விசாரிப்பவர்களுக்கும் தெரியும். தொடர்ச்சியான பதிவை அவ்வளவு எளிதாகத் தட்டிக்கழிக்க முடியாது.

பலர் கோட்டை விடுவது அடுத்ததில்தான். கணக்கின் முகவரியை மட்டும் குறித்துவைக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கின் முகவரி என்பது பயனர்பெயரேதான். பெயரை மாற்றினால் உங்கள் குறிப்பு செல்லாக்காசு. அதற்குப் பதில், அந்தக் கணக்கின் மூன்று நான்கு பதிவுகளைத் தனித்தனியாகத் திறந்து, ஒவ்வொன்றின் முகவரியையும் எழுதிவையுங்கள். பதிவின் குறியீடு பெயரோடு சேர்ந்து மாறுவதில்லை. யூடியூபில் இதே வேலையை 24 எழுத்துள்ள சேனல் அடையாளக் குறி செய்யும். @ குறியோடு வரும் கைப்பிடிப் பெயர் மாறினாலும் அது மாறாது. இன்ஸ்டாகிராம் செயலியில் கணக்கின் பெயரைத் தொட்டால் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்று ஒரு பகுதி வரும்: எந்த மாதம் சேர்ந்தது, இதற்கு முன் எத்தனை பெயர் மாற்றியது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது. எல்லாக் கணக்கிலும் எல்லா விவரமும் வராது, வந்தவற்றைப் படமெடுங்கள். உங்கள் கணக்கின் அதே பகுதியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால், எது முந்தியது என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

வாடிக்கையாளர்களிடம் உரையாடலை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கோபத்தில் முதலில் செய்வது அதைத்தான்.

இனி 'விதிமீறல் இல்லை' என்ற பதிலுக்கு வருவோம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது விதிமீறல் அல்ல. ஒரே படத்தை இரண்டு கணக்கில் வைப்பதும் தன்னளவில் விதிமீறல் அல்ல. ஒருவரே இரண்டு கணக்கு வைத்திருக்கலாம். ஆகவே, பொதுவாக 'ஸ்பேம்' என்றோ 'மோசடி' என்றோ அழுத்தி அனுப்பிய புகாரில், அசல் யார் என்று நிறுவனத்துக்குச் சொல்லும் எதுவுமே இல்லை. போலிக் கணக்கின் மூன்று புள்ளியைத் தொட்டு, புகார் என்பதில் 'வேறொருவர்போல் நடிக்கிறது' என்பதையும், யார்போல் என்ற இடத்தில் 'நான்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். அதைவிட வலுவானது, உதவிப் பக்கத்தில் உள்ள ஆள்மாறாட்டப் படிவம். அதில் அரசு அடையாள அட்டையின் படம் கேட்பார்கள். பெயர், முகம், பிறந்த தேதி தெரியட்டும். அட்டை எண்ணையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். படத்தின் ஓரத்தில், முகத்தைத் தொடாமல், 'ஆள்மாறாட்டப் புகாருக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிவிடுங்கள். வேறெங்காவது கசிந்தால் எங்கிருந்து கசிந்தது என்றாவது தெரியும்.

நூறு நண்பர்களைத் திரட்டி ஒரே நேரத்தில் புகார் அடிக்க வைக்கும் வழக்கம் இருக்கிறது. பலன் குறைவு. போலியிடமிருந்து செய்தி வந்த அந்த இரண்டு வாடிக்கையாளர்களின் புகார், அந்த உரையாடலுக்குள்ளிருந்தே போனால், நூறு வெற்றுப் புகார்களைவிட அதிகம் பேசும். வாட்ஸ்அப்பில் ஒருவரைப் புகார் செய்யும்போது அவர் உங்களுக்கு அனுப்பிய கடைசி ஐந்து செய்திகளும் சேர்ந்து நிறுவனத்துக்குப் போகும். ஆகவே அங்கே புகாரை அழுத்தும் நேரமும் முக்கியம்: பணம் கேட்ட செய்தி அந்தக் கடைசி ஐந்துக்குள் இருக்க வேண்டும். திட்டித் திட்டிப் பதில் வாங்கிய பிறகு அழுத்தினால் சான்று மேலே போய்விடும்.

இன்னொரு பாதை பதிப்புரிமைப் புகார். போலியில் உள்ள படத்தை நீங்களே எடுத்திருந்தால், பெரும்பாலான நாடுகளில் அதன் பதிப்புரிமை உங்களுடையது. 'நான் யார்' என்பதை நிரூபிப்பதைவிட 'இந்தப் படம் என்னுடையது' என்பதை நிரூபிப்பது எளிது. அசல் கோப்பு, எடுத்த தேதி, நீங்கள் முதலில் பதிவேற்றிய இணைப்பு போதும். பல நேரம் இது விரைவாகவும் நடக்கும். இரண்டு எச்சரிக்கை. ஸ்டுடியோவிலோ நண்பரோ எடுத்த படத்துக்கு உரிமை எடுத்தவரிடம் இருக்கலாம். அப்போது அவர்தான் புகார் செய்ய வேண்டும், பொய்யாக உரிமை கோரினால் சட்டச் சிக்கல் உங்களுக்கே. இரண்டாவது, பதிப்புரிமைப் புகாரில் நீங்கள் கொடுக்கும் பெயரும் மின்னஞ்சலும் எதிராளிக்கு அனுப்பப்படலாம். அன்றாட மின்னஞ்சலைக் கொடுக்காமல் இதற்கென்றே ஒன்று திறந்து கொடுங்கள். வீட்டு முகவரியை எழுதாதீர்கள்.

பெயர் என்ற அடையாளம் எவ்வளவு மெலிதானது என்பதைச் சற்று கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். 'கமலா' என்று தமிழிலேயே ஒருவர் பெயர் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். முதல் எழுத்து க. கணினிகள் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் அதன் எண் 2965. தமிழ் எண்ணான ஒன்று, ௧, ஏறக்குறைய அதே உருவம்; அதன் எண் 3047. '௧மலா' என்று ஒரு கணக்கு திறந்தால் கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு வேறு பெயர். உ-வுக்கு ௨, எ-வுக்கு ௭, அ-வுக்கு ௮ என்று இந்த ஆட்டம் நீளும். 'கௌ' என்பதை ஔகாரக் குறியோடும் எழுதலாம், 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' வைத்தும் எழுதலாம். ஆங்கில எழுத்துப் பெயர்களில் இதே வேலையை ரஷ்ய எழுத்து செய்யும்: ஆங்கில 'a'-வும் ரஷ்ய 'а'-வும் அச்சு அசலாக ஒன்று, முதலாவதன் எண் 97, மற்றதன் எண் 1072. பயனர்பெயரில் இதைப் பல தளங்கள் தடுத்துவிட்டன. மேலே பெரிதாகத் தெரியும் காட்சிப் பெயரில் பெரும்பாலும் தடுப்பதில்லை. சந்தேகம் வந்தால் அந்தப் பெயரை நகலெடுத்து ஒரு முறையும், நீங்கள் கையால் தட்டச்சு செய்த பெயரை ஒரு முறையும் அதே பக்கத்தில் தேடுங்கள். பிரவுசரின் தேடல் ஒன்றைக் காட்டி மற்றதை விட்டுவிட்டால் எழுத்து வேறு. புகாரில் அந்த வேறுபாட்டை எழுதுங்கள். தற்செயலாக ஒரே பெயர் வைத்தவர் க-வுக்குப் பதில் எண்ணைப் போடமாட்டார்.

ப்ளூ டிக் வாங்கிவிட்டால் தீருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் தோன்றும். ட்விட்டர் 2009-இல் அதைக் கொண்டுவந்தபோது, 'இந்த ஆளை நாங்கள் சரிபார்த்தோம்' என்பது அதன் பொருள். 2022 நவம்பரில் மாதம் 8 டாலர் கட்டுகிற எவருக்கும் அதே குறி கிடைத்தது. அந்த மாதம் 10-ஆம் தேதி, எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் காசு கொடுத்து டிக் வாங்கிய ஒரு போலிக் கணக்கு 'இன்சுலின் இனி இலவசம்' என்று எழுதியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. குறியின் வடிவத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பின்னால் இருந்த சரிபார்ப்புதான் போய்விட்டது, பார்த்தவர்கள் பழைய பொருளிலேயே படித்தார்கள். டிக் வாங்குவது தவறல்ல. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் கட்டணச் சேவையில் அடையாள அட்டை கேட்கிறார்கள், புகார் கொடுக்கும்போது அது உதவும். ஆனால் வாடிக்கையாளர் அதைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்ற நிலை வேண்டாம்.

நம்பிக்கையை எதில் ஊன்றுவது? எளிதில் போலி செய்ய முடியாத ஒன்றில்: இரண்டு பக்கமும் ஒன்றையொன்று காட்டும் இணைப்பில். சொந்தமாக ஒரு டொமைன் பெயர் (உங்களுக்கே உரிய இணையதள முகவரி) வாங்கி, அதில் ஒரே ஒரு பக்கம் போடுங்கள். உங்கள் எல்லாக் கணக்குகளின் முகவரியும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு கணக்கின் அறிமுகக் குறிப்பிலும் அந்தப் பக்கத்தின் முகவரி இருக்கட்டும். போலி தன் குறிப்பில் உங்கள் பக்கத்தின் முகவரியைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் உங்கள் பக்கம் போலியைக் காட்டாது. அந்தத் திரும்பும் இணைப்பு இல்லாததுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம் இதைத் தானாகவே சரிபார்த்து இணைப்பைப் பச்சையாக்கிக் காட்டுகிறது. ப்ளூஸ்கை என்ற இன்னொரு தளத்தில் டொமைன் பெயரையே பயனர்பெயராக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் போடுங்கள். 'முன்பணத்தை இன்ஸ்டாகிராம் செய்தியில் கேட்பதில்லை; கட்டண விவரம் இந்த டொமைனின் மின்னஞ்சலிலிருந்து மட்டுமே வரும்' என்று எழுதுங்கள். இதைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போட வேண்டும்; தேடுகிறவர்களுக்கு அதுதான் அகப்படும். டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் அதையும் வேறொருவர் எடுத்துக்கொள்வார் என்பதால், தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவையுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள்: பணம் பற்றிய செய்தி எந்த வழியில் வந்தாலும், அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அவர்களே அழைத்துக் கேட்க வேண்டும். வந்த செய்தியிலுள்ள எண்ணுக்கு அழைக்கக் கூடாது. குரல் கேட்டால் நம்பலாம் என்ற காலமும் போய்விட்டது. மூன்று விநாடிப் பதிவை வைத்து ஒருவர் குரலைப் போலச் செய்யும் வால்-இ என்ற மாதிரியை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். யார் யாரை அழைத்தார்கள் என்பதுதான் இப்போது பாதுகாப்பு.

இனி மேடைப் படம். இது ஆள்மாறாட்டத்தைவிடச் சிக்கலானது, ஏனென்றால் படம் உண்மை. குறிப்புதான் பொய். திரைப்படக் கல்வியில் ஒரு சோதனையைச் சொல்வார்கள்: ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் ஒரே முகக்காட்சியை, ஒரு முறை சூப்புத் தட்டுக்குப் பக்கத்திலும், ஒரு முறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும், ஒரு முறை ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் வைத்துக் காட்டினார், பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். உங்கள் படத்துக்கு நடந்திருப்பதும் அதுவே. மேடையில் கையை உயர்த்தியபடி நிற்கும் முகத்துக்குக் கீழே எதை எழுதினாலும் அந்தக் கை அதையே சொல்வதாகத் தெரியும்.

அந்தப் படம் தன் பின்னணியை எப்படி இழந்தது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. கேமரா எடுத்த கோப்புக்குள் தேதி, நேரம், கருவியின் பெயர், சில நேரம் இடமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு இந்த விவரங்கள் உதிர்ந்துவிடும்; ஆவணமாக அனுப்பினால் மட்டும் தங்கும். அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் முதலியவை சேர்ந்து 2021-இல் தொடங்கிய சி2பிஏ என்ற கூட்டமைப்பு, படத்தின் பிறப்பு விவரத்தைக் கையொப்பமிட்டுக் கோப்புக்குள்ளேயே வைக்க வழி செய்திருக்கிறது. நல்ல முயற்சிதான், ஆனால் யாராவது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அதுவும் உதிர்ந்துபோகும். ஆகவே உங்களுக்குத் தேவை அந்த முதல் கோப்பு. நிகழ்ச்சியின் அமைப்பாளரிடமோ படமெடுத்தவரிடமோ கேட்டு, வெட்டப்படாத அசலை ஆவணமாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ வாங்குங்கள். சுற்றும் படத்தில் வெட்டி எறியப்பட்ட பகுதியில்தான் பெரும்பாலும் பதாகையும் நிகழ்ச்சியின் பெயரும் இருக்கும். அசல் கிடைக்காவிட்டால் கூகுள் லென்ஸிலும், டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்திலும் படத்தைக் கொடுத்துத் தேடுங்கள். டின்ஐயில் 'மிகப் பழையது முதலில்' என்று வரிசைப்படுத்த முடியும்.

மறுப்பு எழுதும்போது பொய்க் குறிப்பை அப்படியே திரும்பப் போடாதீர்கள். உங்கள் மறுப்பிலிருந்து அதை மட்டும் வெட்டி மீண்டும் சுற்றவிடுவார்கள். அசல் முழுப் படத்தை வைத்து, அதன் மேலேயே, படத்துக்குள்ளேயே எழுதுங்கள்: எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, எதைப் பற்றிப் பேசினீர்கள், மறுப்பின் முழு வடிவம் எந்தப் பக்கத்தில் உள்ளது. நான்கு வரிக்கு மேல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் படம் போகும், உடன் வந்த எழுத்து வழியிலேயே கழன்றுவிடலாம். ஆகவே விளக்கம் படத்தோடு ஒட்டியே பயணம் செய்ய வேண்டும். முழு விளக்கத்தையும், பேச்சின் காணொளி இருந்தால் அந்த நிமிடத்துக்கான இணைப்பையும் உங்கள் டொமைன் பக்கத்தில் எழுத்தாக வையுங்கள்.

மூலத்தைத் தேட ஒரு வழி உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். உங்களுக்கு அனுப்பியவரிடம் 'யார் அனுப்பினார்கள்' என்று கேட்டுப் பின்னோக்கிப் போங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறினால் இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று வரும். 2020 ஏப்ரல் முதல் அதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அம்பு ஒற்றையாகி, பிறகு இல்லாமலே போகும் இடம் மூலத்துக்கு அருகில் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்: படத்தைத் தரவிறக்கி மறுபடி புதிதாக அனுப்பினாலும் அம்பு மறைந்துவிடும். அம்பு இல்லாதவர் மீது உடனே பாய வேண்டாம். எல்லோரையும் துரத்தவும் வேண்டாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உங்கள் வேலையைப் பாதிக்கும் குழுக்கள் எவை என்று பார்த்து, அங்கே மட்டும், அந்தக் குழுவில் மதிப்புள்ள ஒருவர் மூலம் மறுப்பைப் போடச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதாக உரையாடல் ஸ்கிரீன்ஷாட் ஏதாவது வந்தால், அதிலுள்ள எமோஜிகளை உற்றுப் பாருங்கள். எமோஜி என்பது அனுப்பும்போது வெறும் எண். உருவத்தை வரைவது பெறும் கருவி. ஆப்பிள், கூகுள், சாம்சங் மூன்றும் ஒரே சிரிப்பை மூன்று விதமாக வரைகின்றன. ஐபோன் திரை என்று சொல்லப்படும் படத்தில் கூகுள் வரைந்த முகம் இருந்தால், யாரோ செயலியில் தயாரித்தது என்று சந்தேகிக்க அது நல்ல காரணம்.

உங்கள் சொந்தக் கணக்குகளுக்கு இரண்டு-படிச் சரிபார்ப்பைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குறுஞ்செய்தி வழியாக இருந்தால் அதைச் சரிபார்ப்புச் செயலிக்கோ, கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் கருவியே திறவுகோலாகும் பாஸ்கீக்கோ மாற்றுங்கள், சிம் கார்டை மாற்றி எண்ணைக் கைப்பற்றும் மோசடியில் குறுஞ்செய்தி முதலில் விழும். மீட்பு மின்னஞ்சலுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும்.

இன்று மாலைக்குள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும், வழக்கமாகப் பேசும் வழியிலேயே, இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: 'என் பெயரில் ஒரு போலிக் கணக்கு பணம் கேட்கிறது. என் உண்மையான கணக்குகளின் பட்டியல் இந்தப் பக்கத்தில் உள்ளது. பணம் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் உங்களிடம் உள்ள என் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். ஏற்கெனவே செய்தி வந்திருந்தால் அழிக்காமல் எனக்குச் சொல்லுங்கள்.' பக்கம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். பட்டியலைச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். படிவத்தில் கொடுத்த புகாரும் மறுக்கப்பட்டால், அந்த மறுப்பில் உள்ள மேல்முறையீட்டு இணைப்பைப் பயன்படுத்துங்கள், காவல் புகாரின் எண்ணையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.